சாப்பாடு கொடுக்க ஆள் இருக்கு... கரன்ட் பில் கட்ட? தொண்டு அமைப்புகளுக்கு பிரிட்டன் அரசு கொடுத்த 10 கோடி பவுண்டு!

ஓர் உணவு வங்கிக்கு பாஸ்தா பாக்கெட், பீன்ஸ் டின், பால் பவுடர் எல்லாம் கொடுக்க ஆள் கிடைப்பாங்க. பண்டிகை நேரத்துல கூட்டமே சேரும். ஆனா, அதே உணவு வங்கியோட ஃப்ரீஸர் 24 மணி நேரமும் ஓடணுமே, அதுக்கான கரன்ட் பில்லை யார் கட்டுவாங்க? குடோன் வாடகை? வேன் டீசல்? கணக்கு எழுதுறவருக்குச் சம்பளம்?

உலகம் முழுக்கத் தொண்டு அமைப்புகளுக்குத் தலைவலி தரும் கேள்வி இது. 'என் காசுல ஒரு குழந்தை சாப்பிட்டுச்சு' என்று சொல்லிக்கொள்ளத்தான் நமக்குப் பிடிக்கும். 'என் காசுல ஒரு மீட்டர் ஓடிச்சு' என்று யாரும் ஸ்டேட்டஸ் போடுவதில்லை.

2022-ல் விலைவாசி எகிறியபோது பிரிட்டனில் இந்தப் பிரச்னை வெடித்தது. 2023-ல் அந்நாட்டு அரசு, தொண்டு அமைப்புகளின் செலவைச் சமாளிக்க 10 கோடி பவுண்டு ஒதுக்கியது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,000 கோடி ரூபாய். அந்தப் பணம் யாருக்குப் போனது, எதுக்குச் செலவானது, யாருக்குக் கிடைக்கவில்லை? அங்கே படிக்கப் போயிருப்பவர்களுக்கும், இங்கே ஏதாவது ஓர் அமைப்பில் வாலன்டியராக இருப்பவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டிய கதை இது.

ஒரே நேரத்தில் மூணு அடி

ரஷ்யா 2022 பிப்ரவரியில் உக்ரைன்மீது படையெடுத்த பிறகு, ஐரோப்பாவில் எரிவாயு விலை தாறுமாறாக ஏறியது. அந்த ஆண்டு அக்டோபரில் பிரிட்டனின் பணவீக்கம் 11.1 சதவிகிதத்தைத் தொட்டது. சுமார் 40 ஆண்டுகளில் காணாத உச்சம். உணவுப் பொருள்களை மட்டும் எடுத்தால், 2023 மார்ச்சில் விலை உயர்வு 19 சதவிகிதத்தைத் தாண்டியது.

இதில் ஒரு கடைக்காரருக்கும் ஒரு தொண்டு அமைப்புக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. செலவு ஏறினால் கடைக்காரர் விலையை ஏற்றலாம். இலவசமாகக் கொடுக்கும் அமைப்பு எதை ஏற்றும்? அதனால் அவர்களுக்கு ஒரே நேரத்தில் மூணு பக்கமும் அடி விழுந்தது.

முதல் அடி, செலவு. ஹீட்டிங், மின்சாரம், வாடகை, உணவு எல்லாமே ஏறின. சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியும் உயர்ந்தது. 23 வயதைத் தாண்டியவர்களுக்கு 2022 ஏப்ரலில் மணிக்கு 9.50 பவுண்டாக இருந்தது, 2025 ஏப்ரலில் 12.21 பவுண்டு. தொழிலாளிக்கு அது நியாயமான உயர்வுதான். ஆனா, சம்பளம் கொடுக்கும் அமைப்புக்கு மூணே வருஷத்தில் 28 சதவிகிதத்துக்கு மேல் கூடுதல் செலவு.

இரண்டாவது அடி, தேவை. பிரிட்டனின் மிகப்பெரிய உணவு வங்கி வலையமைப்பான டிரஸ்ஸல் டிரஸ்ட், 2022 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரையிலான ஒரே ஆண்டில் ஏறத்தாழ 30 லட்சம் அவசர உணவுப் பொட்டலங்களைக் கொடுத்தது. முந்தைய ஆண்டைவிட 37 சதவிகிதம் அதிகம். அதில் 10 லட்சத்துக்கும் மேல் குழந்தைகளுக்காகக் கொடுக்கப்பட்டவை.

மூன்றாவது அடி வெளியே தெரியாது: நன்கொடையின் மதிப்பு. ஒருவர் மாசம் 10 பவுண்டு என்று ஆட்டோ டெபிட் போட்டு வைத்திருக்கிறார். அவர் நிறுத்தவில்லை, குறைக்கவும் இல்லை. ஆனால், 11.1 சதவிகிதப் பணவீக்கத்துக்குப் பிறகு அந்த 10 பவுண்டில் வாங்க முடிவது, போன வருஷம் 9 பவுண்டுக்குக் கிடைத்த பொருள்தான். கணக்குப் புத்தகத்தில் வரவு அப்படியே இருக்கும், அலமாரியில் சரக்கு குறையும்.

வீட்டுக்கு உச்சவரம்பு, அமைப்புக்கு?

பிரிட்டனில் வீடுகளுக்கான மின்சாரம், எரிவாயு விலைக்கு 'ஆஃப்ஜெம்' என்ற ஒழுங்குமுறை ஆணையம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. தொண்டு அமைப்புகள் அதற்குள் வராது. அவர்கள் கடை, தொழிற்சாலை மாதிரியே வணிக ஒப்பந்தத்தில்தான் மின்சாரம் வாங்கணும். ஒப்பந்தம் முடியும் நேரத்தில் மார்க்கெட் விலை உச்சத்தில் இருந்தால், அந்த விலைக்கே அடுத்த ஒன்றிரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டிய நிலை.

இதைப் பார்த்து அரசு 2022 அக்டோபர் 1 முதல் ஆறு மாதத்துக்கு ஒரு நிவாரணத் திட்டம் கொண்டுவந்தது. பில்லில் உள்ள மொத்தவிலைப் பகுதி, மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 21.1 பென்ஸ், எரிவாயுவுக்கு 7.5 பென்ஸ் என்ற அளவைத் தாண்டினால், மிச்சத்தை அரசு தள்ளுபடியாகக் கொடுத்தது. தொழில் நிறுவனம், பள்ளி, தொண்டு அமைப்பு என எல்லாருக்கும் இது பொது.

2023 ஏப்ரலில் இதன் இடத்தில் வந்த அடுத்த திட்டம் ரொம்பவே மெலிந்துபோனது. மின்சாரத்துக்கு அதிகபட்சத் தள்ளுபடி யூனிட்டுக்கு 2 பென்ஸ்கூட இல்லை. அதுவும் மொத்தவிலை 30.2 பென்ஸைத் தாண்டினால்தான். விலை உச்சத்தில் ஒப்பந்தம் போட்டு மாட்டிக்கொண்ட அமைப்புகளுக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இந்தக் காலகட்டத்தில்தான் இன்னொரு விஷயமும் நடந்தது. வீட்டில் ஹீட்டர் போட முடியாதவர்கள் பகலில் வந்து உட்கார, நூலகங்களும் சர்ச்சுகளும் சமூகக் கூடங்களும் 'வார்ம் ஸ்பேஸ்' என்ற பெயரில் கதவைத் திறந்துவைத்தன. குளிரில் நடுங்குபவர்களுக்கு இடம் கொடுக்கும் அந்தக் கூடத்துக்கும் ஹீட்டிங் பில் வரும்தானே? உதவி செய்றவங்களுக்கே உதவி தேவைப்பட்ட நேரம் அது.

10 கோடி பவுண்டு எப்படிப் பிரிந்தது?

2023 மார்ச் 15 அன்று பட்ஜெட் தாக்கல் செய்த நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட், தொண்டு அமைப்புகளுக்கும் சமூகக் குழுக்களுக்கும் 10 கோடி பவுண்டு அறிவித்தார். இறுதியில் அது 10.15 கோடி பவுண்டாகி, இரண்டு பகுதிகளாகப் பிரிந்தது.

* 7.6 கோடி பவுண்டு: அன்றாடச் செலவைச் சமாளிக்கும் விலைவாசி நிவாரண நிதி.
* 2.55 கோடி பவுண்டு: கட்டடங்களின் மின்சார, எரிவாயுச் செலவைக் குறைக்கும் திட்டம்.

இது இங்கிலாந்துக்கு மட்டுமான பணம். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்தில் இருக்கும் அமைப்புகள் இதற்கு விண்ணப்பிக்க முடியாது. அந்தப் பகுதிகளில் தொண்டுத்துறையை அங்குள்ள தனி அரசுகள் பார்த்துக்கொள்கின்றன.

முதல் பகுதியின் விதிகளைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

யாருக்கு? ஆண்டு வருமானம் 15,000 பவுண்டு முதல் 10 லட்சம் பவுண்டு வரை உள்ள அமைப்புகளுக்கு. அதாவது, ரொம்பச் சின்னதும் இல்லை, ரொம்பப் பெரியதும் இல்லை.

எந்த வேலைக்கு? உணவு மற்றும் அவசரப் பொருள்கள், அவசரத் தங்குமிடம், பாதுகாப்பான இடம், குளிருக்கு ஒதுங்கும் இடம், கடன் அல்லது வீடு தொடர்பான ஆலோசனை போன்ற நேரடிச் சேவைகளுக்கு. தேவையும் செலவும் இரண்டுமே ஏறியிருப்பதைக் காட்டணும்.

எவ்வளவு? 10,000 முதல் 75,000 பவுண்டு வரை.

எப்போது வரை? 2023 ஆகஸ்ட்டில் விண்ணப்பம் திறந்து அக்டோபரில் மூடப்பட்டது. கிடைத்த பணத்தை 2024 மார்ச் 31-க்குள் செலவழித்து முடிக்கணும்.

இதில் கவனிக்க வேண்டியது, பணம் எதற்காக என்பதுதான். பொதுவாக ஒரு மானியம் வேணும்னா, 'புதுசா என்ன செய்யப் போறீங்க?' என்று கேட்பார்கள். அதனாலேயே பல அமைப்புகள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வேலைக்குப் புதுப் பெயர் வைத்து, புது புராஜெக்ட் மாதிரி எழுதிக் கொடுக்கும். இந்த நிதி அப்படிக் கேட்கவில்லை. ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் சேவை நின்றுபோகாமல் இருக்க ஆகும் செலவுக்கே பணம் கொடுத்தது. ஊழியர் சம்பளம், கரன்ட் பில், வாடகை எல்லாம் இதில் வரலாம். தொண்டுத்துறையில் கிடைக்கவே கிடைக்காத வகைப் பணம் இது.

நடுவில் லாட்டரி எங்கிருந்து வந்தது?

பணத்தைக் கொடுத்தது அரசு. ஆனால், விண்ணப்பம் வாங்கியது, பரிசீலித்தது, அனுப்பியது எல்லாம் 'நேஷனல் லாட்டரி கம்யூனிட்டி ஃபண்ட்'. பிரிட்டனின் தேசிய லாட்டரி 1994-ல் தொடங்கியது. டிக்கெட் விற்பனைப் பணத்தில் ஒரு பங்கு பொதுநலக் காரியங்களுக்குப் போகும். அதைச் சமூகக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் அமைப்புதான் இது.

ஊர் ஊராக எந்தக் குழு என்ன செய்கிறது என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். புதுசாக ஓர் அலுவலகம் திறந்து, ஆள் எடுத்து, விதி எழுதி நேரத்தைக் கடத்துவதைவிட, இருக்கிற குழாய் வழியாகத் தண்ணீர் விடுவது சுலபம். 2020 ஏப்ரலில் கொரோனா சமயத்தில் அப்போதைய நிதியமைச்சர் ரிஷி சுனக் தொண்டுத்துறைக்கு 75 கோடி பவுண்டு அறிவித்தபோதும், சிறு அமைப்புகளுக்கான பணத்தில் ஒரு பகுதி இதே வழியில்தான் போனது.

அப்படியிருந்தும், மார்ச்சில் அறிவித்த பணத்துக்கு விண்ணப்பம் திறக்கவே ஆகஸ்ட் ஆகிவிட்டது. ஒரு குளிர்காலம் முடிந்தபோது அறிவிப்பு, அடுத்த குளிர்காலம் தொடங்கும்போது பணம்.

யார் வெளியே நின்றார்கள்?

ஒரு சின்னக் கணக்கு போடலாம். 7.6 கோடி பவுண்டையும் நிர்வாகச் செலவே இல்லாமல் அப்படியே பிரித்துக் கொடுத்தால்கூட, ஆளுக்கு அதிகபட்சமான 75,000 வீதம் சுமார் 1,000 அமைப்புகளுக்குத்தான் வரும். குறைந்தபட்சமான 10,000 வீதம் கொடுத்தாலும் 7,600-ஐத் தாண்டாது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்துப் பதிவுபெற்ற தொண்டு அமைப்புகள் ஏறத்தாழ 1.7 லட்சம். அதனால் 'தொண்டு அமைப்புகளுக்கு 10 கோடி' என்று தலைப்பு பெரிதாகத் தெரிந்தாலும், பெரும்பாலானவர்களுக்கு அது செய்தி மட்டும்தான்.

15,000 பவுண்டு என்ற கீழ்வரம்பும் ஒரு கோடு போட்டது. தெருவில் நாலு பேர் சேர்ந்து, சர்ச் கிச்சனில் வாரம் ஒருநாள் சூப் போட்டுக் கொடுக்கிற குழுவின் ஆண்டு வருமானம் அதைத் தொடாது. அவர்கள் வெளியே.

வேலையின் வகையும் ஒரு கோடு. லண்டன் வாழ் தமிழர்களுக்குப் பரிச்சயமான உதாரணம், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகள். பெற்றோர்களும் தன்னார்வலர்களும் நடத்தும் இவற்றில் பல, வார இறுதியில் பள்ளிக் கட்டடங்களை வாடகைக்கு எடுத்து இயங்குகின்றன. கட்டடக்காரருக்கு ஹீட்டிங் செலவு ஏறினால் வாடகையாக இவர்கள் தலையில்தான் வந்து விழும். ஆனால், மொழி கற்பிப்பது மட்டும் இந்த நிதியின் 'நேரடி அவசரச் சேவை' பட்டியலுக்குள் வராது. பசிக்கும் குளிருக்கும் முன்னுரிமை கொடுத்தது தப்பில்லை. அதே சமயம், அதே விலைவாசியில் பாடம், விளையாட்டு, முதியோர் சந்திப்பு என்று நடத்தும் குழுக்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பில்லைக் கட்டுவது ஒன்று, பில்லைக் குறைப்பது இன்னொன்று

இரண்டாவது பகுதியான 2.55 கோடி பவுண்டுத் திட்டத்தை 'கிரவுண்ட்வொர்க்' என்ற தொண்டு அமைப்பு நடத்தியது. முதலில் ஒரு நிபுணர் வந்து கட்டடத்தைப் பார்ப்பார். சூடு எங்கே வெளியேறுகிறது, பாய்லர் எந்த நிலையில் இருக்கிறது, எந்த விளக்கு அதிகம் தின்கிறது என்று அறிக்கை கொடுப்பார். அதன்பிறகு அந்த வேலைகளைச் செய்ய மானியம். கூரைக்கு இன்சுலேஷன், எல்.இ.டி விளக்கு, புது ஜன்னல் மாதிரியான வேலைகள்.

இதன் அருமை நிதானமாகத்தான் தெரியும். கரன்ட் பில்லுக்குக் கொடுக்கும் பணம் அந்த மாசத்தோடு கரைந்துவிடும். கூரைக்கு இன்சுலேஷன் போட்டால் ஒவ்வொரு குளிர்காலமும் மிச்சம். ஆனால், இதுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: கட்டடம் உங்களுடையதாக இருக்கணும், அல்லது நீண்டகாலக் குத்தகையாவது இருக்கணும். மணிக்கணக்கில் ஹால் வாடகைக்கு எடுக்கும் குழுவுக்குக் கூரையை மாற்ற என்ன உரிமை இருக்கிறது?

எப்போதும் இருக்கும் உதவிகள்

அவசரகால நிதி வரும், போகும். பிரிட்டனில் தொண்டு அமைப்புகளைத் தாங்கிப்பிடிப்பது பெரும்பாலும் சத்தமில்லாத வரிச் சலுகைகள்தான்.

* கிஃப்ட் எய்டு: வருமான வரி கட்டுபவர் 1 பவுண்டு கொடுத்தால், அந்த அமைப்பு அரசிடமிருந்து மேலும் 25 பென்ஸ் வாங்கிக்கொள்ளலாம். கொடுத்தவருக்குக் கூடுதல் செலவே இல்லை.
* உண்டியல் காசுக்கும் உண்டு: 30 பவுண்டுக்கு மிகாத சில்லறை நன்கொடைகளுக்கு, கொடுத்தவர் பெயர் விவரம் இல்லாமலேயே, ஆண்டுக்கு 8,000 பவுண்டு வரையிலான வசூலுக்கு இதே 25 சதவிகிதம் கேட்கலாம்.
* கட்டட வரி: தொண்டு வேலைக்குப் பயன்படும் கட்டடத்துக்கு வணிகக் கட்டட வரியில் 80 சதவிகிதத் தள்ளுபடி. மிச்ச 20 சதவிகிதத்தையும் உள்ளூர் கவுன்சில் விரும்பினால் விட்டுக்கொடுக்கலாம்.
* மின்சார வரி: வணிகம் அல்லாத தொண்டுப் பயன்பாட்டுக்கு மின்சாரம், எரிவாயுமீதான வாட் வரி 20-க்குப் பதில் 5 சதவிகிதம்.

சின்ன அமைப்புகள் பலவற்றில் இதையெல்லாம் கேட்டு வாங்க ஆள் இருக்காது. ஃபார்ம் நிரப்பத் தெரிந்த ஒரு வாலன்டியர் கிடைத்தால், அது ஒரு மானியம் கிடைத்த மாதிரி.

ஒரு கையால் கொடுத்து...

2024 மார்ச்சோடு அந்த நிவாரணப் பணம் முடிந்தது. செலவு முடியவில்லை. 2025 ஏப்ரலில் புதிதாக ஒரு சுமை சேர்ந்தது. ஊழியருக்காக முதலாளி கட்டும் 'நேஷனல் இன்ஷூரன்ஸ்' பங்களிப்பு 13.8-லிருந்து 15 சதவிகிதமானது. அது கணக்கிடத் தொடங்கும் சம்பள அளவும் ஆண்டுக்கு 9,100 பவுண்டிலிருந்து 5,000 பவுண்டாக இறங்கியது.

வருஷத்துக்கு 24,000 பவுண்டு சம்பளம் வாங்கும் ஓர் ஊழியரை எடுத்துக்கொள்வோம். முன்பு அவருக்காக அமைப்பு கட்டியது சுமார் 2,056 பவுண்டு. இப்போது 2,850. தலைக்கு ஏறத்தாழ 794 பவுண்டு கூடுதல்.

சிறு நிறுவனங்களுக்கான விலக்குத் தொகையை 5,000-லிருந்து 10,500 பவுண்டாக உயர்த்தினார்கள். அதனால் இந்தச் சம்பளத்தில் மூணு பேர் வேலை செய்யும் குட்டி அமைப்புக்கு லாபம்தான், ஒன்றுமே கட்ட வேண்டாம். ஆனால், 20 பேர் வேலை செய்யும் அமைப்புக்கு விலக்கு போகவே வருஷத்துக்குச் சுமார் 10,400 பவுண்டு அதிகம். அரசு மருத்துவத்துறைக்கு இந்தச் சுமையை ஈடுகட்டிய அரசு, தொண்டு அமைப்புகளுக்கு அந்தச் சலுகையைத் தரவில்லை.

இதில் அதிகம் பேசப்பட்டது ஹாஸ்பிஸ்கள், அதாவது வாழ்வின் கடைசி நாள்களில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லங்கள். பெரியவர்களுக்கான ஹாஸ்பிஸ்களின் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அரசுப் பணம். மிச்சம் நன்கொடையும் பழைய பொருள் விற்கும் கடைகளும் கொடுப்பது. 2024 டிசம்பரில் இங்கிலாந்து ஹாஸ்பிஸ்களுக்கு அரசு 10 கோடி பவுண்டு அறிவித்தது. நல்ல விஷயம். ஆனால், அது கட்டடத்துக்கும் கருவிகளுக்குமான பணம். புது அறை கட்டலாம், நர்ஸ் சம்பளத்துக்கு அதிலிருந்து எடுக்க முடியாது.

திரும்பவும் அதே இடத்துக்குத்தான் வருகிறோம். கல்வெட்டு வைக்க முடிகிற செலவுக்குக் காசு வரும். மாசாமாசம் வருகிற செலவுக்கு வராது. 2023 நிதி இந்த வழக்கத்தை உடைத்தது, ஆனால் சில மாதங்களுக்கு மட்டும்.

நீங்க என்ன செய்யலாம்?

பிரிட்டனில் இருந்தால்: நன்கொடை கொடுக்கும்போது வரும் கிஃப்ட் எய்டு கட்டத்தை, அங்கே வருமான வரி கட்டுபவராக இருந்தால் மறக்காமல் டிக் பண்ணுங்க. பார்ட் டைம் வேலை செய்யும் மாணவராக, ஆண்டு வருமானம் வரிவிலக்கு வரம்பான 12,570 பவுண்டுக்குள் இருந்து வரி எதுவும் கட்டவில்லை என்றால் டிக் பண்ணாதீங்க. அரசு கொடுத்த அந்த 25 பென்ஸை உங்களிடமே திரும்பக் கேட்க முடியும்.

எங்கே இருந்தாலும்: 'இந்தக் காரியத்துக்கு மட்டும்' என்று கட்டுப்போடாமல், அமைப்பின் பொதுச் செலவுக்கு என்று கொடுத்துப் பாருங்க. ஒரே தடவை பெரிய தொகை கொடுப்பதைவிட, மாசம் ஒரு சின்னத் தொகை அவர்களுக்குத் திட்டமிட உதவும். வருஷத்துக்கு ஒருமுறை விலைவாசிக்கு ஏற்ப அதைக் கொஞ்சம் ஏற்றினால் இன்னும் நல்லது.

'நிர்வாகச் செலவு எவ்வளவு?' என்று கேட்பது உங்கள் உரிமை. ஆனால், குறைவாக இருந்தால் நல்ல அமைப்பு, அதிகமாக இருந்தால் மோசம் என்று உடனே முடிவு கட்டாதீங்க. சரியாகச் சம்பளம் வாங்கும் கணக்காளர் இருக்கும் இடத்தில்தான் உங்கள் பணத்துக்கும் ஒழுங்கான கணக்கு இருக்கும். எதுக்குச் செலவாச்சு, ஆண்டு அறிக்கை இருக்கா, கேட்டால் காட்டுறாங்களா என்று பாருங்க.

அடுத்த தடவை உங்களுக்குத் தெரிந்த ஓர் அமைப்புக்குப் போகும்போது, 'என்ன கொண்டு வரட்டும்?' என்பதோடு இன்னொரு கேள்வியும் கேட்டுப் பாருங்க: 'இந்த மாசம் எந்த பில் பாக்கி இருக்கு?'